ஒன்பது வயதில் எதற்கு இந்த அவசரம்?

தில்லியில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரே,

கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். மயூர் விஹாரில் இருந்தாலும் சரி, துவாரகாவில் இருந்தாலும் சரி, நம்மில் பலர் பிள்ளைகளை விளையாட விடுவதில்லை. கோச்சிங்கில் சேர்த்துவிட்டு அதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒன்பது வயதுப் பையன் வாரத்தில் ஆறு நாள் ஒரே மைதானத்துக்குப் போகிறான், ஒரே மட்டையைப் பிடிக்கிறான், ஒரே கோச்சிடம் ஒரே திட்டை வாங்குகிறான். ஏழாவது நாளாவது ஓய்வா என்றால், அன்றைக்கு மேட்ச்.

பேட்மின்டன் ஆடினால் மணிக்கட்டுப் பழக்கம் மாறிவிடும் என்று ஒரு அப்பா தடை போட்டிருக்கிறார். கால்பந்து ஆடினால் கணுக்கால் போய்விடும் என்று ஒரு அம்மா. நீச்சலுக்குப் போனால் தோள் இளகி பௌலிங் கெட்டுவிடுமாம். எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டால், நெட்ஸில் இன்னொரு பையனின் அப்பா சொன்னாராம்.

ஏதாவது ஒரு அகாடமியின் வேலிக்கு வெளியே மாலையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பையன் ஒரு பந்தை அடிப்பான். அடித்த பந்து எங்கே போயிற்று என்று பார்க்கமாட்டான். கோச்சையும் பார்க்கமாட்டான். தலை நேராக கேட் பக்கம் திரும்பும். அங்கே அப்பா செல்போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் தலையாட்டினால் அடுத்த பந்து ஒழுங்காக வரும். உதட்டைப் பிதுக்கினால் அடுத்த மூன்று பந்தும் காற்றோடு போகும். வீடு திரும்பும் வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த வீடியோ ஓடும். “எல்போ எங்க இருக்கு பாரு, எல்போ எங்க இருக்கு பாரு.” பின்சீட்டில், தன் உயரத்துக்கே இருக்கும் கிட் பேக்கின் மேல் சாய்ந்து பையன் தூங்கிவிட்டிருப்பான்.

இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இல்லை. 2024 நவம்பர் ஐபிஎல் ஏலத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் வைபவ் சூர்யவன்ஷியை 1.1 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது அந்தப் பையனுக்கு 13 வயது. அடுத்த ஏப்ரலில் குஜராத் டைட்டன்ஸுக்கு எதிராக 35 பந்தில் சதம். அன்று இரவே நம் வீடுகளில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டோம். “அவனுக்குப் பதினாலு, நம்மவனுக்குப் பத்து. இன்னும் நாலு வருஷம்தான் இருக்கு.” எதற்கு நாலு வருஷம்? அந்தக் குழந்தையின் திறமை லட்சத்தில் ஒன்று. நம் பிள்ளைக்கும் அதே கால அட்டவணை என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது?

நமக்கு வேண்டிய உதாரணம் நம் வாசலிலேயே இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, ஏனென்றால் அது கிரிக்கெட்டில் முடியவில்லை. தேஜஸ்வின் சங்கர், 1998 டிசம்பரில் பிறந்த தில்லித் தமிழ்ப் பையன். லோதி எஸ்டேட்டில் உள்ள சர்தார் படேல் வித்யாலயாவில் படித்தவர். எட்டாம் வகுப்புவரை அவர் ஆடியது கிரிக்கெட். பிறகு பள்ளியின் பி.டி. மாஸ்டர் சுனில் குமார், உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். அந்த இடத்தில் நம்மில் ஒருவர் அப்பாவாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். “இத்தனை வருஷம் கிரிக்கெட்டுக்குச் செலவு பண்ணியிருக்கோம் சார்” என்று மறுநாளே பள்ளிக்குப் போய் நின்றிருப்போம்.

நல்லவேளை, அப்படி நடக்கவில்லை. 2015-ல் சமோவாவில் நடந்த காமன்வெல்த் இளையோர் போட்டியில் அவருக்குத் தங்கம். 2016 நவம்பரில் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் 2.26 மீட்டர் தாண்டினார். 2004-லிருந்து ஹரி சங்கர் ராய் வைத்திருந்த 2.25 என்ற தேசிய சாதனையை, பெரியவர்களின் சாதனையை, 17 வயதில் முறியடித்தார். 2017-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொண்டது. அங்கே பயிற்சியாளர் கிளிஃப் ரொவெல்டோ, உயரம் தாண்டுபவர்களையும் பல்நிகழ்ச்சி வீரர்களையும் உருவாக்குவதில் பெயர் பெற்றவர். 2018-ல் டெக்சஸில் 2.29. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்சிஏஏ பட்டம் 2018-ல் ஒருமுறை, 2022-ல் இன்னொருமுறை.

2022 காமன்வெல்த் போட்டிக்கு முதலில் அவரைத் தேர்வு செய்யவில்லை. தில்லி உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் அணியில் இடம் கிடைத்தது. கடைசி நேரத்தில் பர்மிங்ஹாமுக்குப் போய் 2.22 தாண்டி வெண்கலத்தோடு வந்தார். காமன்வெல்த் போட்டி உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

இதோடு நின்றிருந்தாலே போதும். ஆனால் எனக்குப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் அவர் இறங்கியது டெகாத்லானில். இரண்டு நாளில் பத்து நிகழ்ச்சிகள். முதல் நாள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர். மறுநாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியில் கால் கெஞ்சும் நேரத்தில் 1,500 மீட்டர். 7,666 புள்ளிகள், வெள்ளி, புதிய தேசிய சாதனை. ஆசியப் போட்டி டெகாத்லானில் இந்தியர் ஒருவர் பதக்கம் வாங்கி 49 வருஷம் ஆகியிருந்தது. 1974-ல் டெஹ்ரானில் விஜய் சிங் சௌகான் தங்கமும் சுரேஷ் பாபு வெண்கலமும் வாங்கியதோடு சரி. ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காத ஒரு பையன், வளர்ந்த பிறகும் புதிதாகக் கோலூன்றக் கற்றுக்கொள்ளத் தயங்காத ஒரு பையன், நம் ஊரிலிருந்து போயிருக்கிறான். நம் வீடுகளில் எத்தனை குழந்தைகளுக்கு அவர் பெயர் தெரியும்?

ஆள் எடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். உங்கள் கனவே ‘செலக்‌ஷன்’தானே, அந்த பாஷையிலேயே பேசுவோம்.

அசாமின் கோலாகாட் மாவட்டத்தில் லவ்லினா போர்கோஹெய்ன் அக்காக்களைப் பார்த்து முவாய் தாய் கற்றுக்கொண்டிருந்த பெண். 2012-ல் அவர் படித்த பள்ளிக்கு இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பதும் போரோ டிரயல்ஸ் நடத்த வந்தார். பார்த்தார், குத்துச்சண்டைக்கு எடுத்துக்கொண்டார். டோக்கியோவில் வெண்கலம். நாசிக் மாவட்டத்து தத்து போகனல் 2012-ல் ராணுவத்தில் சேர்ந்தபோது அவருக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். உயரத்தைப் பார்த்துத் துடுப்புப் படகில் உட்காரவைத்தார்கள். நான்கே வருஷத்தில் ரியோ ஒலிம்பிக்கில் 13-வது இடம். இங்கிருந்து 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பானிப்பத்தில் நீரஜ் சோப்ராவை வீட்டார் அனுப்பியது உடம்பு இளைக்க. சிவாஜி ஸ்டேடியத்தில் சிலர் ஈட்டி எறிவதை வேடிக்கை பார்த்த பையன் அவன். அப்போது பதின்மூன்று வயதை ஒட்டி. டென்னிஸ் பைத்தியமாக இருந்த சச்சினை அண்ணன் அஜித் அச்ரேக்கரிடம் கூட்டிப்போனபோதே 11 வயது. ராஞ்சியில் கால்பந்து கோல்கீப்பராக நின்ற பையனைப் பள்ளிப் பயிற்சியாளர் கேசவ் பானர்ஜி விக்கெட் கீப்பராக்கிய கதை உங்களுக்கே மனப்பாடம். அதைச் சொல்லி ரசிக்கிறோம், நம் பையனை மட்டும் கோல் போஸ்ட் பக்கம் போகவிடுவதில்லை.

2024 மார்ச்சில் தொடங்கிய கேலோ இந்தியாவின் ‘கீர்த்தி’ திட்டம் 9 முதல் 18 வயதுவரையுள்ள பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கிறது. விளையாட்டு ஆணையம் காலம் காலமாக வைத்திருக்கும் சோதனைகளையும் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறாய், எவ்வளவு உயரம் எழும்புகிறாய், 30 மீட்டரை எவ்வளவு வேகமாகக் கடக்கிறாய், பந்தை எவ்வளவு தூரம் எறிகிறாய், ஓடி நின்று திரும்பி மறுபடி ஓட எவ்வளவு நேரம் பிடிக்கிறது. கவர் டிரைவ் அழகாக இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆறு வருஷம் நெட்ஸில் மட்டும் நின்ற பையன் ஷட்டில் ரன்னில் திரும்பத் தெரியாமல் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கோ-கோ ஆடிவிட்டு வந்த அரசுப் பள்ளிப் பெண் காற்றாகப் போனாள். போகிற போக்கில் ஒன்று, 2025 ஜனவரியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நம் இந்திரா காந்தி ஸ்டேடியத்தில்தான் நடந்தது. இந்தியாவின் இரு அணிகளும் வென்றன. அதைப் பார்க்கக் குழந்தையைக் கூட்டிப்போனவர்கள் கை தூக்குங்கள். அன்றைக்கும் நெட்ஸ்தானே?

ஒரு எச்சரிக்கை. பல விளையாட்டு ஆட வேண்டும் என்று பேச ஆரம்பித்தாலே யாராவது ஏபி டி வில்லியர்ஸ் பற்றிய வாட்ஸாப் பட்டியலை அனுப்பிவிடுவார்கள். ஹாக்கி, ரக்பி, நீச்சல் சாதனை, இன்னும் என்னென்னவோ. அதில் பெரும்பாலானவை பொய் என்று அவரே தன் சுயசரிதையில் எழுதிவிட்டார். நமக்கு அந்தக் கட்டுக்கதை தேவையில்லை. மகாராஷ்டிர ஜூனியர் அணிகளுக்கு ஹாக்கி ஆடிய கிரிக்கெட் வீராங்கனை ஜெமிமா ரோட்ரிக்ஸ் இருக்கிறார். டென்னிஸை விட்டு பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடப் போய், திரும்பி வந்து பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், ஆஸ்திரேலிய ஓபன் மூன்றையும் வென்ற ஆஷ் பார்ட்டி இருக்கிறார்.

இனி நாம் சபையில் சொல்லாத காரணத்துக்கு வருவோம். தில்லி பல்கலைக்கழக ஸ்போர்ட்ஸ் கோட்டா. “கிரிக்கெட்டர் ஆகாட்டாலும் டி.யு.-ல சீட்டாவது கிடைக்கும்” என்ற அந்தக் கணக்கு. சரி, கணக்காகவே பார்ப்போம். ஒரு கல்லூரியின் மொத்த இடத்தில் விளையாட்டுக்கும் கலைத்திறனுக்கும் சேர்த்தே உச்சவரம்பு 5 சதவீதம். அதற்கு அவர்கள் மதிப்பெண் போடும் சர்டிஃபிகேட் கடைசி மூன்று வருஷத்துக்குரியவை. அதன்மேல் நேரடி டிரயல்ஸ். சென்னை ஐஐடி 2024-ல் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி இடங்கள் தொடங்கியது. அதிலும் கேட்பது கடைசி நான்கு வருஷத்தில் வாங்கிய தேசிய அல்லது சர்வதேசப் பதக்கம். ஆக, உங்கள் பையன் ஒன்பது வயதில் வாங்கி, ஷோகேஸில் தூசி தட்டி வைத்திருக்கும் அந்தப் பத்தொன்பது கோப்பைகளுக்கும் எந்த வாசலிலும் மதிப்பு இல்லை. பதினைந்து வயதில் உடம்பும் ஆசையும் மிச்சம் இருக்கிற பிள்ளைக்குத்தான் வாசல் திறக்கிறது.

மிச்சம் இருக்குமா என்பதுதான் என் பயம். அர்னே குல்லிக் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் அவருடைய அமெரிக்க சகாக்களும் 6,000-க்கு மேற்பட்ட வீரர்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சிறுவயதுப் போட்டிகளில் முன்னால் நிற்பவர்கள் சீக்கிரம் தொடங்கியவர்கள், ஒரே விளையாட்டில் ஊறியவர்கள். அதில் சந்தேகம் இல்லை. பெரியவர்களாகி உலக அளவில் முன்னால் நிற்பவர்களைப் பார்த்தால் கதை தலைகீழ். அவர்கள் சிறுவயதில் பல விளையாட்டுகள் பயின்றவர்கள், தங்கள் முதன்மை விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள். அண்டர்-14 அணியை ஜெயிக்கவைக்கும் வழியும் இருபத்தைந்து வயது வீரரை உருவாக்கும் வழியும் வேறு வேறு. அகாடமியின் விளம்பரத் தட்டிக்கு வேண்டியது முதலாவது. அதற்கு நம் பிள்ளையின் முகமும் நம் பணமும் போகிறது.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீரு ஜெயந்தி என்ற அமெரிக்க விளையாட்டு மருத்துவர், 7 முதல் 18 வயதுவரையுள்ள சுமார் 1,200 பிள்ளைகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டதிலிருந்து ஒரு எளிய அளவுகோல் கிடைக்கிறது. பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி போனால் காயத்தின் ஆபத்து கூடுகிறது. இன்னொன்று, கோச் வைத்து ஆடும் நேரம் தானாக ஆடும் நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. பேனா எடுங்கள். பத்து வயது, ஆறு நாள், தினம் இரண்டரை மணி நேரம் என்றால் பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சை நான் சேர்க்கவே இல்லை. தானாக ஆடும் நேரம் எவ்வளவு? சுழியம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் சொன்னது, பதினைந்து பதினாறு வயதுவரை ஒரே விளையாட்டு என்று ஒதுங்குவதைத் தள்ளிப்போடுங்கள், வாரத்தில் ஓரிரு நாளும் வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமும் ஓய்வு கொடுங்கள் என்று.

முழங்கால் சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பு தொடங்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். பிள்ளை ‘ஸ்ஸ்’ என்று காலை இழுத்துக்கொண்டால், அங்கே ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டால், அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். வளரும் வயதில் எலும்பு சரசரவென்று நீளும்போது, தொடைத் தசை இழுக்கிற இடத்தில் இன்னும் முற்றாத எலும்பு நொந்துபோவதால் வருவது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாக அடங்கும். நாம் என்ன செய்கிறோம்? நீ-கேப் வாங்கி மாட்டி, வலி நிவாரணி ஸ்பிரே அடித்து, “அடுத்த வாரம் டிரயல்ஸ் இருக்குடா கண்ணா” என்று அனுப்பிவைக்கிறோம். வேகப்பந்து போடும் பையன்களுக்கு இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் வரும் நுண்முறிவு இதைவிட மோசம். பதினாறு வயதில் பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் பையனிடம் போய் ‘நாலு வருஷக் கணக்கு’ பேசிப் பாருங்கள்.

தில்லிக்கென்று ஒரு கொடுமையும் உண்டு. நவம்பரில் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டிப் போகும் காலை ஆறு மணிக்கு, மாஸ்க் மாட்டிக் குழந்தையை மைதானத்தில் ஓடவிடுகிறோம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, பள்ளிகளின் திறந்தவெளி விளையாட்டுப் போட்டிகளை நல்ல மாதங்களுக்குத் தள்ளிவைக்கப் பார்க்கச் சொன்னது. பள்ளி போட்டியைத் தள்ளிவைத்தது. அகாடமி தள்ளிவைக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மூன்று மாத ஃபீஸ் முன்பணமாகக் கட்டியாயிற்றே. அமெரிக்கப் பள்ளிகளில் இலையுதிர் காலத்துக்கு ஒரு விளையாட்டு, குளிருக்கு ஒன்று, வசந்தத்துக்கு ஒன்று என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அங்கத்திய கல்லூரிப் பயிற்சியாளர்கள் பலர் ஆள் எடுக்கும்போது, பள்ளியில் இரண்டு மூன்று விளையாட்டு ஆடியவனா என்று விசாரிப்பது அதனால்தான். அங்கும் இப்போது தனியார் கிளப்புகள் புகுந்து அந்த ஏற்பாட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன, அது வேறு கதை. நமக்கு அந்த ஏற்பாட்டை யாரும் செய்து தர வேண்டியதில்லை, தில்லி வானமே பருவம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. மே, ஜூனில் 45 டிகிரி, நீச்சலுக்குப் போகலாம். புகை மாதங்களில் வெளியே ஓடாமல் வீட்டுக்குள் உடம்பை வளைக்கும் பயிற்சி, டேபிள் டென்னிஸ். பிப்ரவரி, மார்ச்சில் மைதானம் பொன்னாக இருக்கும். பெண் குழந்தை பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தால் பேட்மின்டனுக்காக அதை நிறுத்தாதீர்கள். அரைமண்டியில் நின்று வரும் தொடை வலுவுக்கு எந்த ஜிம்மிலும் பணம் கட்ட வேண்டாம்.

“கோலி ஒன்பது வயதில் சேர்ந்தாரே?” வரும் என்று தெரியும். 1998-ல் மேற்கு தில்லி கிரிக்கெட் அகாடமியில் ராஜ்குமார் சர்மாவிடம் சேர்ந்தபோது அவருக்கு ஒன்பதுதான். நம் மணிகா பத்ரா நான்கு வயதில் டேபிள் டென்னிஸ் மட்டை பிடித்தவர். தீபா கர்மாகர் ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ். ஜிம்னாஸ்டிக்ஸ் போலச் சிறுவயதிலேயே உச்சம் தொட வேண்டிய சில துறைகளில் சீக்கிரம் தொடங்கத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. குகேஷ் நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டார் என்பீர்கள். சதுரங்கத்தில் முழங்கால் தேயாது. கோலியைப் பொறுத்தவரை, அதே வருஷம் இந்த ஊரில் நெட்ஸுக்குப் போன மற்ற ஒன்பது வயதுக்காரர்கள் எங்கே என்று கேளுங்கள். அவர்கள் பேட்டி கொடுப்பதில்லை, அதனால் நமக்குக் காதில் விழுவதில்லை.

நஜஃப்கட் பக்கத்து அகாடாவில் விடிகாலை நாலு மணிக்கு மண்ணில் இறங்கும் பையனிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்கு மல்யுத்தம் என்பது போலீஸ் வேலை, ரயில்வே வேலை, வீட்டின் சாப்பாடு. நான் பேசுவது மாதச் சம்பளமும் சொந்த ஃபிளாட்டும் உள்ள நம்மோடு. நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அவசரத்தை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். அவசரம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்றும் தெரியும். பிறந்த தேதியைத் திருத்துவதில். 2015 டிசம்பரில் இதே ஊரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் ராகுல் திராவிட் வயது மோசடியைப் பற்றித்தான் கடுமையாகப் பேசினார். கிரிக்கெட் வாரியம் எலும்புச் சோதனை வைக்கவேண்டி வந்தது யாரால்? சர்டிஃபிகேட்டைக் குழந்தையா திருத்தியது?

நார்வேயின் ஜனத்தொகை 55 லட்சம் சொச்சம், நம் தில்லியைவிட எவ்வளவோ குறைவு. அங்கே பதினோரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரவரிசைப் பட்டியல் வெளியிடக் கூடாது, பதின்மூன்றுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது என்று விளையாட்டு அமைப்பே விதி வைத்திருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாடு வாங்கிய தங்கம் 16. பனி இருக்கிறது, பணம் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். குழந்தைகளைப் போட்டியில் பிழிந்துதான் சாம்பியன் எடுக்க முடியும் என்ற நம் வாதத்தை அது காப்பாற்றவில்லையே.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், முதலில் கோச்சிடம் போய் “மே, ஜூன் இரண்டு மாதம் வரமாட்டான்” என்று சொல்லுங்கள். “இடம் போய்விடும்” என்பார். பத்து வயதில் போகிற இடம் போகட்டும். பள்ளியில் கணக்குப் பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடைப் பிடுங்கினால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை தினம் ஒரு விளையாட்டு பீரியட் என்று 2018-லேயே சிபிஎஸ்இ சொல்லிவிட்டது. தேஜஸ்வினைக் கண்டுபிடித்தது ஒரு பி.டி. மாஸ்டர்தான். நம் பள்ளி மாஸ்டரின் பெயராவது நமக்குத் தெரிய வேண்டாமா?

அப்புறம் அந்தப் பூங்கா. நம் காலனிப் பூங்காக்கள் பலவற்றில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறது. மாட்டியவர்கள் வேறு யாரோ இல்லை, நாம் சந்தா கட்டும் நலச்சங்கம்தான். குழந்தை இலவசமாக ஓடி, ஏழு கல் அடுக்கி, விழுந்து, சண்டை போட்டு, தானே விதி போட்டு ஆடும் ஒரே இடத்தைப் பூட்டிவிட்டு, மாதம் ஆயிரக்கணக்கில் கொடுத்து வேலி போட்ட இடத்தில் கொண்டுபோய் விடுகிறோம். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். பெரியவர்கள் நடக்கிற பாதையை விட்டுவிட்டு ஒரு மூலை, மாலை ஐந்திலிருந்து ஏழுவரை, அவ்வளவுதான் கேட்கிறோம் என்று நாலு வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். ஜன்னல் கண்ணாடி உடையும் என்று ஆட்சேபிப்பார்கள். உடைந்தால் நாம் பங்கு போட்டு மாற்றிக் கொடுத்துவிடலாம். அகாடமியின் ஒரு மாத ஃபீஸைவிட அது குறைவாகத்தான் வரும்.